முதலில் வாணலியை அள

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். தங்கச்சி போனுக்கு நீ வரைந்து அனுப்பிய, வாணலிக்கு மேலே நின்று காய் சீவுகிற சிப்ஸ் மிஷின் படத்தைப் பார்த்தேன். எனக்கே அனுப்பியிருக்கலாம். பொங்கலுக்கு அப்புறம் நீ பேசவேயில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

படம் நன்றாக வந்திருக்கிறது. பட்டறையில் எல்லோரிடமும் காட்டினேன். ஆனால் சுற்றுகிற தட்டில் நாலு பிளேடு வைத்திருக்கிறாயே, எந்தக் கடையில் கேட்டு வைத்தாய்? 1440 சுற்று மோட்டார், அதில் 3 அங்குலப் புல்லி, தட்டில் 12 அங்குலம் என்றால் தட்டு நிமிஷத்துக்கு 360 சுற்று. நாலு பிளேடுக்கு 1440 வில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சாண் நேந்திரங்காய் ஆறு விநாடியில் தீர்ந்துவிடும். சின்னக் கடை வாணலி அதைத் தாங்காது. காய் மொத்தமாக விழுந்தால் எண்ணெயின் சூடு இறங்கி, சிப்ஸ் எண்ணெய் குடித்துவிடும். வெளியே சீவி வைத்தாலோ ஒன்றோடொன்று ஒட்டும், கறுக்கும். வாணலியின் வாய் எத்தனை அங்குலம், ஒரு ஈடு எத்தனை கிலோ, வேக எத்தனை நிமிஷம் என்று அளந்துகொண்டு வந்து, அப்புறம் பிளேடை முடிவு செய். இரண்டே போதும்.

அந்த இரண்டும் ஒரே அளவு எழும்பி நிற்க வேண்டும். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு, அந்த ஃபீலர் கேஜ் வைத்துப் பார். ஒன்று தூக்கியிருந்தால் ஒரு வில்லை மெலிசு, அடுத்தது தடிமன். மெலிசு கருகும்போது தடிமன் நடுவில் வெந்திருக்காது. கடைக்காரர் எண்ணெயைத்தான் குறை சொல்வார், உண்மையில் கோளாறு நம் தட்டில் இருக்கும்.

தட்டும் கூண்டும் 304 ரக ஸ்டெயின்லெஸ் சரி. பிளேடுக்கு 304 வேண்டாம், கூர் நிற்காது. 420 ரக ஸ்டெயின்லெஸ் எடுத்துக் கடினப்படுத்து. சாதா இரும்பு எங்கேயும் காயில் படக்கூடாது, வாழைக்கறை பட்டால் கறுத்துவிடும். வாணலிக்கு மேலே நிற்கிற மிஷின், எண்ணெய் ஆவி ஏறும். மோட்டாரைப் பக்கத்தில் தள்ளி பெல்ட்டில் ஓட்டு. அரை எச்.பி. சிங்கிள் பேஸ் போதும். பேரிங் 6204 போடு, எந்த ஊரிலும் கிடைக்கும். மூடிக்குக் கையால் திருகுகிற பட்டர்ஃபிளை நட் வை. ஸ்பேனர் தேட வேண்டியிருந்தால் ராத்திரி பத்து மணிக்கு யாரும் கழுவமாட்டார்கள். காய்ப்பால் பிசினாக இறுகிவிடும்.

ஆனால் முதலில் வாணலியை அள. கடையில் மிஷினில் வேலை செய்யப்போகிற அம்மா எவ்வளவு உயரம், எந்தக் கையால் காய் போடுகிறார் என்று ஒரு நாள் முழுக்க நின்று பார்.

மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கிற மாதிரி சுவிட்ச் வைக்கலாம் என்று நீ அன்றைக்கே சொன்னாய். எல்லோர் முன்னாலும் உன்னை அதட்டினேன், செலவு என்றேன். அப்புறம் ஒரு கடையில் ஒரு பெண்ணுக்கு விரல் நுனி போனது. கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். அவர் மேல் தப்பில்லை கண்ணு. காய் போடுகிற குழாயை நான்தான் ஆறு அங்குலத்தில் வெட்டினேன். காயைக் கைபடாமல் உள்ளே தள்ளத் தள்ளுகட்டையும் கொடுக்கவில்லை. உன்னிடம் இதை இதுவரை சொல்லவில்லை.

குழாய் ஒரு அடிக்குக் குறையவே கூடாது. தள்ளுகட்டை பிளேடைத் தொடாதபடி அதன் தலையில் தடுப்பு வேண்டும். உன் படத்தில் குழாயின் நீளம் போடவில்லை. எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று போன் பண்ணிச் சொல். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா