அந்த மஞ்சள் பையில் இருப்பது சாப்பாடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ கப்பலிலிருந்து அனுப்பிய கேள்விகளைக் கவிதா என்னிடம் காட்டினாள். 940 கிராமில் பிறந்த உங்கள் பிள்ளை நாலு நாளில் ஏன் 875க்கு இறங்கினான், தாய்ப்பாலை ஏன் அரை மில்லி அரை மில்லியாகக் கொடுக்கிறார்கள், பழுப்பு உறைக்குள் தொங்கும் அந்த மஞ்சள் பை என்ன மருந்து என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் லைன் அறுந்துவிடுகிறது. அதனால்தான் மெயில். சிக்னல் கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

முதலில், அது மருந்து இல்லை தம்பி, சாப்பாடு. டிபிஎன் என்பார்கள், இரத்தக் குழாய் வழியாகவே போகும் முழு உணவு. அம்மா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே பெரும்பாலான வருஷங்கள் இந்தப் பைகளைக் கலக்கும் அறையில்தான் இருந்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. கை கழுவி, கவுன், முகமூடி, இரண்டு ஜோடிக் கையுறை என்று மாட்டிக்கொண்டு உள்ளே போனால் மதியம்வரை வெளியே வரமாட்டோம். ஒவ்வொரு பையிலும் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். பெயர் வைக்காத பிள்ளை என்றால் ‘இன்னாரின் பேபி’ என்று தாயின் பெயர். இப்போது நம் கவிதாவின் பெயர் போட்ட பையைப் பார்க்கும்போது அதைக் கலந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை சேமிக்கவே தொடங்கும். கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து, இரும்பு எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் சேரும். நம்மவன் 27 வாரத்திலேயே வந்துவிட்டான். ஒரு கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் கொழுப்பு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் அந்தக் கையிருப்பு நாலைந்து நாளுக்கு மேல் வராது என்று 1970களிலேயே டாக்டர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். குளுக்கோஸ் மட்டும் ஏற்றினாலும் போதாது, புரதம் இல்லாவிட்டால் பிள்ளை தன் தசையையே கரைத்துச் செலவழிக்கும். இந்த வயதில் குடலும் பாலைத் தள்ளிக்கொண்டு போய்ச் செரிக்கப் பழகியிருக்காது. தொப்புள் கொடி வழியாக நேராக இரத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்த சாப்பாடு திடீரென்று நின்றுவிட்டது. அந்த இடத்தைத்தான் பை பிடித்துக்கொள்கிறது.

பிறந்த சில மணி நேரத்திலேயே அவனுக்கு அதைத் தொடங்கிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி இல்லை. சிறுநீரகம் தாங்காது, இரத்தத்தில் யூரியா ஏறிவிடும் என்று பயந்து, புரதத்தின் கூறான அமினோ அமிலத்தை ஓரிரு நாள் கழித்துத்தான் தொடங்கி அரை கிராம் அரை கிராமாக ஏற்றுவார்கள். இப்போது வழக்கமே மாறிவிட்டது. ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் 2018ல் வெளியிட்ட வழிகாட்டி, முதல் நாளே கிலோவுக்குக் குறைந்தது 1.5 கிராம் அமினோ அமிலம், இரண்டாம் நாளிலிருந்து 2.5 முதல் 3.5 கிராம்வரை என்று சொல்கிறது. கொழுப்பையும் முதல் நாளே தொடங்கலாம், கிலோவுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது.

கொழுப்பு பையில் இல்லை. பக்கத்து பம்பில் பால் போல வெள்ளையாக ஒரு சிரிஞ்சு இருக்கிறதே, அதில் தனியாக வருகிறது. பை மஞ்சளாக இருப்பது வைட்டமினால், ரிபோஃபிளேவினின் நிறம் அது. வெளிச்சம் பட்டால் வைட்டமின் கெடும், பெராக்சைடு என்ற கேடான பொருளும் உண்டாகும். சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது. உறை அதற்குத்தான்.

இந்தக் கலவையில் எனக்கு எப்போதும் கவலை தந்தது சுண்ணாம்புச் சத்தான கால்சியமும் பாஸ்பேட்டும்தான். எலும்புக்கு இரண்டும் வேண்டும், அதுவும் குறைமாதப் பிள்ளைக்கு நிறைய வேண்டும். ஆனால் ஒரே பையில் அளவு மீறினாலோ, சேர்க்கும் வரிசை மாறினாலோ, இரண்டும் சேர்ந்து சாக்பீஸ் தூள் போலப் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் படிந்தாலும் ஆபத்து. 1994ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை விட்டது. அதனால் பாஸ்பேட்டை முன்னால் போட்டு, கலக்கி, கால்சியத்தைக் கடைசிப் பக்கம்தான் சேர்ப்போம். முடிந்ததும் பையைத் தூக்கிக் கறுப்புப் பின்னணியில் ஒரு தடவை, வெள்ளைப் பின்னணியில் ஒரு தடவை பார்ப்போம். இப்போது கிளிசரோபாஸ்பேட் என்று ஒன்று வந்திருக்கிறது, அது அவ்வளவு எளிதில் படியாது. அதற்கும் மேல், பிள்ளையின் குழாயில் வடிகட்டி இருக்கிறது. போட்டோவில் நீ வட்டம் போட்டு ‘இது என்ன’ என்று கேட்டாயே, அந்தச் சின்ன வில்லை அதுதான்.

ஏன் தினமும் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள் என்று கோபமாக எழுதியிருந்தாய். எனக்கும் பார்க்க மனசு தாங்கவில்லை. ஆனால் புரதம் உள்ளே போகத் தொடங்கியதும் உடம்பின் செல்கள் கட்டுமான வேலையில் இறங்கி, பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவை இறங்கும். சர்க்கரை ஏறலாம், கொழுப்பு தேங்கலாம். காலையில் வரும் ரிசல்ட்டைப் பார்த்துத்தான் அன்றைய பையை எழுதுவார்கள். ஒரு நாள் பை அடுத்த நாளுக்குச் சரியாக இருக்காது, இந்த முதல் வாரத்தில்.

இதெல்லாம் எப்போது வந்தது தெரியுமா? அம்மா பிறந்தது 1966ல், சிங்கப்பூர் கண்டாங் கெர்பா பிரசவ ஆஸ்பத்திரியில். அந்த ஒரே வருஷத்தில் அங்கே 39,835 பிள்ளைகள் பிறந்தார்கள், உலகச் சாதனை அது. அந்த வருஷம் இப்படி 27 வாரத்தில் வந்த பிள்ளைக்கு இரத்தக் குழாய் வழியாக முழுச் சாப்பாடு கொடுக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. சுவீடனில் ரெட்லின்ட் என்பவர் சோயா எண்ணெயிலிருந்து செய்த கொழுப்புப் பால்மம் மட்டும் வந்திருந்தது. அடுத்த வருஷம்தான், 1967ல், பிலடெல்பியாவில் குடல் அடைப்போடு பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு டட்ரிக், வில்மோர் என்ற இரண்டு டாக்டர்கள் பெரிய சிரை வழியாகவே சாப்பாடு கொடுத்து வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு முன் நாய்க்குட்டிகளுக்குக் கொடுத்து, அவை மற்ற குட்டிகளைப் போலவே வளர்வதைப் பார்த்திருந்தார்கள். 2020ல் இங்கே சிங்கப்பூரிலேயே 212 கிராமில் ஒரு பெண் பிள்ளை பிறந்து, பதின்மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு 6.3 கிலோவோடு வீட்டுக்குப் போனாள். தமிழ் முரசில் படித்துவிட்டு அப்பா அன்றைக்கு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சரி, எடைக்கு வருகிறேன். 940லிருந்து 875. ஏழு சதவீதம் இறங்கியிருக்கிறது. முதல் வாரத்தில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். வயிற்றில் நீரில் மிதந்த உடம்பு, வெளியே வந்ததும் அதிகப்படி நீரை விட்டுவிடுகிறது. பத்து சதவீதம்வரை டாக்டர்கள் எதிர்பார்த்தே இருக்கிறார்கள். பிறந்த எடைக்குத் திரும்ப ஒன்றரை, இரண்டு வாரம் ஆகலாம். அதற்கப்புறம்தான் உண்மையான வளர்ச்சியின் கணக்கு. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம், வயிற்றில் இருந்திருந்தால் ஏறக்குறைய எவ்வளவு ஏறுவானோ அவ்வளவு. அதுவும் நாளுக்கு நாள் பார்க்கிற கணக்கு இல்லை. டயப்பர், குழாய், மலம் எல்லாமே இவ்வளவு சின்ன உடம்பில் எண்ணை மாற்றிவிடும். ஒரு வாரத்தின் சராசரியைப் பார். அதைவிட முக்கியமாகத் தலைச் சுற்றளவையும் நீளத்தையும் கேள். வாரத்துக்கு ஒருமுறை அளப்பார்கள், இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்கு அருகில் ஏறினால் நல்லது. எடை மட்டும் ஏறி நீளம் ஏறாவிட்டால் அது நல்ல வளர்ச்சி இல்லை.

குறைமாதப் பிள்ளைகளின் வளர்ச்சியைக் குறிக்க ஃபென்டன் வரைபடம் என்று ஒன்று இருக்கிறது. அதில் அவன் புள்ளி பிறந்தபோது இருந்த கோட்டுக்குக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து கோட்டுக்கு இணையாக ஏறும். கீழே இறங்கிய முதல் படத்தைப் பார்த்து மிரண்டுவிடாதே.

‘அப்படியென்றால் புரதத்தைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று நீ கவிதாவிடம் சொன்னாயாம். உன் தவிப்பு புரிகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கிலோவுக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு முதல் ஐந்து நாள் தினமும் ஒரு கிராம் கூடுதல் அமினோ அமிலம். முடிவு 2022ல் வந்தது. இரண்டு வயதில் பார்த்தபோது கூடுதலாகப் பெற்றவர்கள் எந்த விதத்திலும் மேலாக இல்லை. நான் சொன்ன அந்தப் பாஸ்பேட் இறங்கும் தொல்லைதான் அவர்களுக்கு அதிகம் வந்தது. குறைத்துக் கொடுப்பதும் தப்பு, திணிப்பதும் தப்பு. டாக்டர் எழுதுகிற அளவை நம்பு.

பையிலேயே வளர்ந்துவிடட்டுமே என்றும் நினைக்காதே. அந்தக் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி நுழைய ஒரு வழி திறந்திருக்கிறது. வாரக்கணக்கில் நீண்டால் கல்லீரலில் பித்தம் தேங்கலாம். அதனால்தான் அந்த அரை மில்லி. பசியாற்றுவதற்கு இல்லை, குடலைப் பழக்குவதற்கு. குடல் தாங்கத் தாங்கப் பாலைக் கூட்டி, பையைக் குறைத்து, ஒரு நாள் குழாயையே எடுத்துவிடுவார்கள். வயிறு உப்பினால் ஒரு வேளை நிறுத்துவார்கள், மறுபடி தொடங்குவார்கள். அதைப் பின்னடைவு என்று எண்ணாதே.

அந்த அரை மில்லியும் கவிதாவின் பால். இதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பரேஷன் புண் ஆறுவதற்குள் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து பம்ப் வைத்து எடுக்கிறாள், ராத்திரியிலும். முதல் நாள் சீம்பால் சிரிஞ்சின் நுனியில் ஒட்டும் அளவுதான் வந்தது. நர்ஸ் மிஸ்ஸி அதைக்கூட வீணாக்காமல் அவன் கன்னத்தின் உட்பக்கம் தடவிவிட்டார். தாய்ப்பால் போதாத பிள்ளைகளுக்குத் தானமாக வந்த பாலைப் பதப்படுத்திக் கொடுப்பார்கள். 2017ல் கேகேயில், அதாவது அந்தக் கண்டாங் கெர்பா ஆஸ்பத்திரியில், தொடங்கிய பால் வங்கிதான் சிங்கப்பூரில் முதலாவது. மாவுப் பாலைவிட அது குறைமாதக் குடலுக்குப் பாதுகாப்பு, குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. நாங்களும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் இதுவரை தேவைப்படவில்லை. நான் டெக்கா சந்தையில் பால் சுறா வாங்கிப் புட்டு செய்கிறேன், பூண்டுக் குழம்பு வைக்கிறேன். சாப்பிடுகிறாள்.

நேற்று ராத்திரி என்னிடம், “அத்தை, என் பிள்ளைக்கு நான் சாப்பாடு கொடுக்கவில்லை, பைதான் கொடுக்கிறது” என்று சொல்லி அழுதாள். தினமும் நீ கேட்கிற முதல் கேள்வி “இன்று எத்தனை கிராம்?” என்பது. எண் இறங்கிய நாளில் அவளுக்கு அதைச் சொல்ல வாய் வருவதில்லை, ஏதோ தான் குறை வைத்ததுபோல் தலையைக் குனிந்துகொள்கிறாள். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை கண்ணு. நடுக்கடலில் இருந்துகொண்டு நீ வேறு என்னதான் கேட்பாய். ஆனால் இனிமேல் அவளிடம் கிராமைக் கேட்காதே. எண் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேள், ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதி அனுப்புகிறேன். அவளிடம், தூங்கினாயா, புண் வலிக்கிறதா, இன்று அவனைத் தொட்டாயா என்று கேள். நேற்று முதல்முறையாக அவனை அவள் மார்பில் வைத்தார்கள், குழாய்களோடு சேர்த்து. அதை அவள் உனக்குச் சொல்லவே இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நேற்று எடை ஏறவில்லை.

டாக்டரோடு வீடியோவில் பேச நேரம் கிடைத்தால் இதைக் கேள்: பால் எந்த அளவுக்கு வந்தால் குழாயை எடுப்பார்கள், பாலில் எப்போது சத்துப் பொடி சேர்க்கத் தொடங்குவார்கள், கல்லீரல் சோதனை எப்படி இருக்கிறது. தாய்ப்பால் மட்டும் இவ்வளவு சின்னப் பிள்ளையின் எலும்புக்கும் புரதத் தேவைக்கும் போதாது, அந்தப் பொடி வேண்டும். பொடி சேர்த்தால் கவிதாவின் பால் சரியில்லை என்று யாரும் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள், இருவரும்.

அப்பா தினமும் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். உள்ளே விடும் நேரம் குறைவு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். விபூதியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று மிஸ்ஸி சொன்னதும் மறுபேச்சு பேசாமல் பையில் வைத்துக்கொண்டார்.

கப்பல் நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் செய்தி அனுப்பு. இங்கே இறங்க ஏஜென்ட்டிடம் இப்போதே சொல்லி வை. ஃப்ளூ ஊசியும் கக்குவான் இருமல் ஊசியும் நீ வந்ததும் போட்டுக்கொள்ள பலதுறை மருந்தகத்தில் கேட்டு வைக்கிறேன். சளி, இருமல் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா, மோதிரம், வாட்ச் எதையும் கையில் போடாதே.

அன்புடன்,
அம்மா