கல்லோடு கொத்துவேலையும் காக்கப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் பழைய காற்றாலைகளிலும் நீராலைகளிலும் தானியம் அரைத்த கற்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கற்களின் அளவையும் எடையையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அவற்றை அரைக்கும் நிலையில் வைத்திருந்த கொத்துவேலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள மேற்கல் தானியத்தை நசுக்கி மாவாக்குகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் இரு கற்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. மேற்கல் சுற்றும்போது அதன் முகத்தில் வெட்டிய பள்ளக் கோடுகளான சால்களும் கீழ்க்கல்லின் சால்களும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போலக் குறுக்கிட்டுத் தானியத்தை வெட்டுகின்றன. நடுத்துளையருகே அகன்றிருக்கும் இடைவெளி விளிம்பை நோக்கிக் குறுகிக்கொண்டே வர, மாவு வெளியே தள்ளப்படுகிறது. சால்களின் விளிம்பு மழுங்கிவிட்டால் தானியம் வெட்டுப்படாமல் தேய்ந்து சூடேறும். அதனால்தான் ஐரோப்பியக் கைவினைஞர்கள் மேற்கல்லைத் தூக்கிப் புரட்டி, காவி பூசிய மரச்சட்டத்தைக் கல்லின் முகத்தில் இழுத்து, காவி ஒட்டிய மேடுகளை மட்டும் எஃகு உளியால் கொத்திச் சமன் செய்து, பிறகு சால்களைக் கூராக்கினார்கள். தெறித்த எஃகுத் துணுக்குகள் கைத்தோலுக்குள் பதிந்து கறுத்திருக்கும் அளவுக்குக் கடுமையான வேலை அது.

கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்து. தானியம் தீர்ந்து வெறுங்கற்கள் உரசினால் தீப்பொறி பறக்கும் என்பதால், தானியத் தொட்டி காலியாகும் நேரத்தில் தானே அடிக்கும் மணியைப் பல ஆலைகளில் கட்டிவைத்திருந்தார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1878 மே 2 அன்று வாஷ்பர்ன் ஆலை வெடித்துச் சிதறி 18 தொழிலாளர்கள் மாண்டதற்கு, வெறுமையாக ஓடிய கற்களின் பொறி மாவுத் தூசியில் பற்றியதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதெல்லாம் தொலைதூரத்துக் கதையன்று. பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இன்றும் ஓடும் மாவு மிஷின்களில் அரைப்பவை பெரும்பாலும் எமரி என்னும் கடினத் தாதுத் துகள்களைச் சேர்த்துச் செய்த எமரிக் கற்கள்தாம் என்றாலும், அவற்றையும் கொத்தியாக வேண்டும். கொத்திய கல்லில் முதலில் குருணையைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிட்ட பிறகே வாடிக்கையாளரின் தானியத்தைப் போடுவார்கள். இல்லையெனில் மாவு நறநறக்கும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழுக்காகக் கேழ்வரகு தூக்கோடு வரிசையில் நிற்கும்போது கவனித்தால், மிஷின்காரர் விழும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்துவிட்டுக் கற்களின் இடைவெளியைக் குறைக்கும் கைச்சக்கரத்தைக் கால்வாசிச் சுற்று இறுக்குவதைக் காணலாம். கல்லில் அரைத்தது என்று உறையில் அச்சிட்டு விற்கப்படும் மாவை வாங்குவோர், எந்தக் கொத்தில், எந்த வேகத்தில் அரைத்தது என்றும் கேட்க வேண்டும். கல் என்பதாலேயே மாவு நல்லதாகிவிடாது.

வடசென்னையின் பின்னி நெசவாலையைப் பற்றி எழுதியவர் பலர். தெருமுனை மாவு மிஷினைப் பற்றி எழுதியவர் அரிது. நெதர்லாந்தின் கிண்டர்டைக் காற்றாலைகளை 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 2017-இல் அந்நாட்டு ஆலைக்காரர்களின் கைத்தொழிலையே தனியாகப் பட்டியலில் சேர்த்தது. கட்டடம் நின்றால் மட்டும் போதாது என்று உணர அங்கேயே இருபது ஆண்டுகள் ஆயின. நம்மிடம் அவ்வளவு காலம் இல்லை. ஊர்தோறும் கேட்ட அம்மி கொத்துகிறவரின் குரலே அநேகமாக ஓய்ந்துவிட்டது. கொத்தத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் உளி பிடிக்கும் விதத்தைத் தங்கள் இதழ் படங்களோடு பதிவுசெய்ய வேண்டும் என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருகையையும் ஆட்டுக்கல்லையும் வைத்துக் கொத்துவேலையை நேரில் செய்துகாட்ட உரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.