சுற்றும் வட்டத்துக்கு ரீசெட் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டேப்லெட்டில் ஓர் இணையதளத்தைத் திறந்தால், செய்தியும் படமும் கண்முன் வந்துவிட்ட பிறகும் மேலே உள்ள சிறு வட்டம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அதைக் கருவியின் கோளாறு என்று நம்பி நான் இழந்ததைப் பிறரும் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் நாள்தோறும் படிக்கும் ஒரு தளத்தில் இப்படி நேர்ந்தபோது, டேப்லெட்டைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ‘ரீசெட் பண்ணினாத்தான் சரியாகும்’ என்றார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, கருவியைப் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோவதுதான் ரீசெட். பேக்கப், அதாவது வேறிடத்தில் ஒரு நகல், எடுத்திருக்கிறதா என்று அவர்களும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. மறைந்த என் தாயார் பாடிய நடவுப் பாட்டுகளை நான் பதிவு செய்து வைத்திருந்த ஒலிக்கோப்புகள் அத்தனையும் அன்று அழிந்துபோயின. மாலையில் வீட்டுக்கு வந்து அதே தளத்தைத் திறந்தேன். வட்டம் முன்போலவே சுற்றியது.

அதன் பிறகுதான், கணினித் துறையில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் இதன் காரணத்தை விளக்கினாள். நாம் ஒரே பக்கம் என்று பார்ப்பது உண்மையில் எழுத்து, படம், எழுத்துரு, விளம்பரம், பார்வையாளர்களைக் கணக்கிடும் நிரல் எனப் பல இடங்களிலிருந்து வந்து சேரும் துண்டுகளின் தொகுப்பாகும். அவற்றுள் விளம்பரத்தை அனுப்பும் சர்வர் என்னும் கணினி எங்கோ ஒன்று பதில் சொல்லாமல் இருந்தால்கூட, அந்த ஒரு துண்டுக்காக, தளங்களைத் திறந்து காட்டும் செயலியான பிரவுசர் காத்துக்கொண்டிருக்கும். அதுவரை வட்டமும் நிற்காது. குரோம் பிரவுசரில் வட்டம் சுற்றும்வரை, பக்கத்தைப் புதுப்பிக்கும் வளைந்த அம்புக்குறியின் இடத்தில் ஒரு பெருக்கல் குறி நிற்கிறது. அதைத் தொட்டேன். வட்டம் நின்றது, அம்புக்குறி திரும்பியது, பக்கத்தில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

ஆகவே, முதலில் கவனிக்க வேண்டியது பக்கம் வந்துவிட்டதா இல்லையா என்பதைத்தான். வந்துவிட்டது என்றால் பெருக்கல் குறியைத் தொட்டுவிட்டுப் படிக்கலாம். வெள்ளைத் திரையே நீடித்தால், வேறு இரண்டு தளங்களைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாத் தளங்களும் தடுமாறினால் வீட்டு வைஃபையை விட்டுக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்ப்பது நல்லது. அதில் சரியாக வந்தால் குறை வீட்டு இணைப்பில் இருக்கிறது, டேப்லெட்டில் இல்லை. ஒரே தளம் மட்டும் வர மறுத்தால், இன்காக்னிட்டோ என்னும் மறைநிலைப் பக்கத்தில் அதைத் திறக்க வேண்டும். அங்கே தடையின்றி வருமானால், அந்தத் தளம் நம் கருவியில் முன்பு சேமித்து வைத்த குக்கீ என்னும் சிறு குறிப்புகள் போன்றவைதான் பழுதுபட்டிருக்கக் கூடும். அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் நீக்கினால் போதும். குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சிறு குறியைத் தொட்டு இதைச் செய்யலாம். ஐபேடில் சஃபாரி பிரவுசருக்கான செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் வெப்சைட் டேட்டா என்ற இடம் உண்டு. அந்தத் தளத்தில் மீண்டும் லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். படங்களுக்கோ ஒலிப்பதிவுகளுக்கோ இதனால் எந்தச் சேதமும் இல்லை. டேப்லெட்டின் சேமிப்பிடம் நிரம்பி வழிந்தாலும் பிரவுசர் திணறும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

பழைய கருவி வைத்திருப்பவர்களுக்கு உண்மையான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8, 9 உள்ள டேப்லெட்டுகளுக்குக் குரோமின் 138ஆம் பதிப்பே கடைசி. புதிய முறையில் எழுதப்படும் தளங்கள் அவற்றில் நாளடைவில் சரியாகத் திறக்காமல் போகலாம். அதற்கும் ரீசெட் மருந்தல்ல, ஏனெனில் ரீசெட் செய்தாலும் ஆண்ட்ராய்டு பதிப்பு உயர்வதில்லை.

பழுதுபார்க்கும் கடைக்காரர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: ரீசெட் பொத்தானைத் தொடுமுன், உள்ளே இருப்பவை வேறெங்காவது பத்திரமாக இருக்கின்றனவா என்று வாய்திறந்து கேளுங்கள். முதியவர்கள் பலருக்கு, அழியப்போவது என்னென்ன என்பதே தெரியாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. செய்தித் தளங்களை வடிவமைப்பவர்கள், செய்தி முழுமையாக வந்து சேர்ந்த பிறகே விளம்பரத் துண்டுகளை அழைக்கும்படி நிரலை அமைக்க முடியும் என்று என் தங்கை மகள் சொல்கிறாள். தங்கள் நாளிதழின் தளத்தைக் கவனிக்கும் பணியாளர்கள் நான்கைந்து ஆண்டு பழைய டேப்லெட் ஒன்றில், சுமாரான இணைப்பில் அதன் முகப்பைத் திறந்து, அந்த வளைந்த அம்புக்குறி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று ஒருமுறை பார்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர்,
பாளையங்கோட்டை.