கையில் ஒரு புள்ளிதான், ஆனால் உடனே ஓடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பம்ப், மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். கொஞ்ச காலமாக என்னிடம் அதிகம் வருவது, தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர்தான். வண்டி கழுவ, பாசி பிடித்த தரையைத் தேய்க்க என்று வீட்டுக்கு வீடு வாங்கிவிட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு அதன் வேகம் தெரியவில்லை என்பதுதான் என் கவலை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் வேலை பழகும் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மெஷினில் தண்ணீர் சரியாகப் பீய்ச்சவில்லை. தண்ணீர் வெளியே பாயும் சின்னத் துளை முனையான நாசிலில் மண் அடைத்திருந்தது. டிரிகரை விட்டதும் மோட்டார் சத்தம் நின்றது. மெஷின் ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து, நாசில் நுனியை இடது கை விரலால் துடைத்திருக்கிறான். இந்த வகை மெஷினில் டிரிகரை விட்டால் மோட்டார் தானாகவே நிற்கும். சுவிட்ச் ஆனில்தான் இருக்கும். தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி மாதிரியான கைப்பிடியை, அதாவது கன்னை, பிடித்திருந்த வலது கை டிரிகரை லேசாக அழுத்தியது. அவ்வளவுதான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் குண்டூசி குத்தியது மாதிரி ஒரு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். பெரிய வலிகூட இல்லை என்றான். நானும் விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. சாயங்காலத்துக்குள் விரல் வீங்கி, மரத்துப்போய், மடக்க முடியாமல் ஆனது. முதலில் போன இடத்தில் ஊசி போட்டு, களிம்பு தடவி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் வேறு மருத்துவரிடம் போனபோதுதான், விரலைத் திறந்து உள்ளே கழுவ வேண்டும் என்றார். விரல் தப்பியது, ஆனால் இன்றும் முழுதாக மடங்கவில்லை. ஸ்குரூ பிடிக்கச் சிரமப்படுகிறான்.

அழுத்தத்தை ‘பார்’ என்ற அளவில் சொல்வார்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார். வீட்டு பிரஷர் வாஷரில் 100 முதல் 150 பார் வரை வரும். அந்த வேகத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து, சோப்பு, எண்ணெய், அழுக்கு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு நரம்பும் தசைநாரும் போகும் வழியில் உள்ளே பரவிவிடும். வெளியே தெரிவது அந்தப் புள்ளி மட்டும். ஆகவே யாருக்காவது இப்படி ஆனால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். சாதாரணக் காயம் என்று சொல்லாமல், “ஹை பிரஷர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது” என்று சொல்லுங்கள். எந்த சோப்பு கலந்திருந்தது என்பதையும் சொல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம்.

நாசிலைத் தொடுவதற்கு முன் ஒரு வரிசை இருக்கிறது. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். குழாயை மூட வேண்டும். அப்புறம் கன்னைத் தரைப் பக்கம் காட்டி, சொட்டு நிற்கும் வரை டிரிகரை அழுத்த வேண்டும். ஹோசுக்குள் அடைபட்ட பிரஷர் அப்போதுதான் இறங்கும். கடைசியாக டிரிகர் லாக். அரை நிமிட வேலைதான்.

நாசில்கள் தனித்தனியாக வந்தால் நிறத்தைப் பாருங்கள். தண்ணீர் எத்தனை டிகிரி விரிந்து பாயும் என்பதை அது காட்டும். பொதுவாக சிவப்பு 0 டிகிரி, ஊசி மாதிரி ஒரே கோடாகப் பாயும். வீட்டு வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். பச்சை 25, வெள்ளை 40. வண்டிக்கு வெள்ளை போதும். டயரின் பக்கவாட்டில் கிட்டத்தில் வைத்து அடித்தால் ரப்பர் உள்ளுக்குள் பழுதாகும். செருப்போடு நின்று கழுவுவதும், குழந்தைகளை விளையாட்டாகப் பிடிக்கச் சொல்வதும் கூடவே கூடாது. ஏணி மேல் நின்று அடித்தால் கன் பின்னால் உதைக்கும் உதையில் ஆள் விழுவார்.

கரண்ட் விஷயம் இன்னும் மோசம். எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் ஓட்டிய மெஷின்கள் என்னிடம் வந்திருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. 30 மில்லிஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத லைனில் இதை ஓட்டாதீர்கள். பெட்ரோல் மெஷினை ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.

பராமரிப்பில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு, பம்புக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் எரிந்துபோவது. குழாயைத் திறக்காமலே மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் மெஷினை ஓடவிட்டு, டிரிகரை அழுத்தாமல் பேசிக்கொண்டு நிற்பார்கள். அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகிவிடும். தண்ணீர் உள்ளே வரும் இடத்துச் சிறு பில்டரை அடிக்கடி கழற்றி அலசுங்கள். பம்ப் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஹோஸ் உப்பினாலோ கீறினாலோ டேப் சுற்றாமல் புதிது மாற்றுங்கள்.

விற்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பெட்டியைக் கையில் கொடுக்கும் முன் டிரிகர் லாக் எங்கே, பிரஷரை எப்படி இறக்குவது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். இந்தக் கடிதம் முழுதும் போட இடமில்லை என்றால், அந்தப் புள்ளிக் காயம் பற்றிய பகுதியை மட்டுமாவது வெளியிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
பம்ப் பழுது பார்க்கும் ஒரு வாசகர்