வில்லா சான் ஜோவானி வரை

பலெர்மோ,
9.11.2025

அன்பு மகள் துளசிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருக்க நல்லூர்க் கந்தனையும் சாந்தா ரொசாலியாவையும் வேண்டுகிறேன். தொலைபேசியில் கதைக்கலாம்தான். நீ எடுத்தவுடன், "அப்பா, வேலையில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன்" என்கிறாய். அந்தப் பிறகு எப்போது வரும் என்று தொலைபேசியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. கடிதம் என்றால் நேரம் கிடைக்கும்போது பிரிக்கலாம்.

இங்கே புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. செப்டம்பர் 4ஆம் திகதி சாந்தா ரொசாலியாவின் கோயிலுக்குப் பெல்லெக்ரினோ மலை ஏறினேன். இந்த முறை வெறுங்காலுடன் முடியவில்லை, செருப்போடுதான். உன் பெயருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். தர்மலிங்கம் அண்ணையின் முழங்கால் இப்போது பரவாயில்லை. நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு 91 வயதாகிவிட்டது; சில நாட்களில் என்னைத் தன் மகன் என்று நினைத்து அவன் பெயரால் கூப்பிடுகிறார். அண்ணையின் பேரன் நிரஞ்சன் போன மாதம் ரெஜ்ஜோ பக்கம் போய் வந்தான். வில்லா சான் ஜோவானி மேடையில் உன்னைப் போல ஒரு பிள்ளையைச் சீருடையில் கண்டதாகச் சொன்னான். அவனுக்குக் கண் அவ்வளவு தெரியாது. அதை விடு.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பாணும் கோப்பியும் சாப்பாடு ஆகாது. கையில் எப்போதும் மூன்று மாதச் சம்பளம் இருக்க வேண்டும். என்ன வந்தாலும் அதைத் தொடாதே.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ இத்தாலோவில் சேர்ந்த நாள் முதல் உங்கள் தனியார் ரயில் கம்பெனியைப் பற்றி எது வந்தாலும் படிக்கிறேன். சிஞ்ஞோரா பார்த்து முடித்த பத்திரிகைகளிலிருந்து வெட்டி எடுத்து, உன் பள்ளிக்கூடக் கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்களில் ஒட்டி வைத்திருக்கிறேன். விளங்காத சொல்லுக்கு உன் அகராதியைப் பார்க்கிறேன். 2006இல் தொடங்கிய கம்பெனி. 2012 ஏப்ரல் 28ஆம் திகதி மிலான்–நாப்பொலித் தடத்தில் முதல் ஓட்டம். கையில் 25 ரயில்கள். எதிரே நின்றது நூறு ஆண்டு தாண்டிய அரச ரயில்வே. தண்டவாளமும் அவர்கள் குழுமத்தினுடையது. அடுத்தவர் வளவுக்குள் வாடகை கட்டி, அவருக்கே எதிர்க்கடை போடுவது போன்ற காரியம் அது. பழைய கட்டுரை ஒன்றில் படித்தேன்: முதல் ஆண்டிலேயே ரோம் ஒஸ்தியென்சே நிலையத்தில் உங்கள் பயணிகள் காத்திருக்கும் அறைக்கும் மேடைக்கும் நடுவே கம்பி வேலி வந்துவிட்டதாம். பெட்டியும் கையுமாக அவர்கள் சுற்றி நடந்திருக்கிறார்கள். வேலிச் சண்டையில் கோடேறிக் கோடேறி எத்தனை குடும்பங்கள் நொடித்துப்போயின என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்களுக்கு முன்னால் ஆரெனவேஸ் என்று ஒன்று வந்தது தெரியுமா? 2010 நவம்பரில் துரின்–மிலான் தடத்தில் தொடங்கினார்கள். இடையில் உள்ள நிலையங்களில் நிறுத்த அனுமதி கிடைக்கவில்லை. வழியில் ஆள் ஏற்றாமல் ஒரு ரயில் எத்தனை நாள் ஓடும்? 2011 ஆகஸ்டில் திவாலாகிவிட்டது. ஜெர்மனியில் லோகோமோர் என்ற கம்பெனி 2016 டிசம்பரில் ஷ்டுட்கார்ட்டிலிருந்து பெர்லினுக்கு ஓட ஆரம்பித்து அடுத்த மே மாதமே விழுந்தது. நம்பிச் சேர்ந்த பிள்ளைகளின் தாய் தகப்பன் அன்று இரவு என்ன பாடு பட்டிருப்பார்கள்! அதனால்தான் மூன்று மாதச் சம்பளம் என்று அடித்துக்கொள்கிறேன்.

அரச ரயில்வேயின் பரீட்சையை எழுது என்று நான் சொன்னதற்கும் காரணம் இருந்தது. உன் அப்பப்பா கொடிகாமத்தில் நிலைய அதிபராக இருந்தவர். 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பதுங்குகுழிக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தபோது பார்க்க அவர் இல்லை. ஆனால் அவர் கண் மூடும் வரை மாதா மாதம் ஓய்வூதியம் வந்தது. தண்டவாளமே இல்லாமல் போனது, ஓய்வூதியம் நிற்கவில்லை. சின்னத்தையின் கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. இதையெல்லாம் கண்ட எனக்கு அரச உத்தியோகம் என்றால் ஒரு நம்பிக்கை.

நீ சிரித்தாய். "அப்பா, நாங்கள் வராமல் இருந்திருந்தால் அவர்கள் இவ்வளவு ஓடியிருக்க மாட்டார்கள்" என்றாய். அன்று நான் கோபித்தேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வந்த பிறகுதான் டிக்கெட் விலை இறங்கியது, ரயில்கள் கூடின. 2015இல் அவர்களும் புதிய சிவப்பு அம்பு ரயிலைக் கொண்டுவந்தார்கள். சிஞ்ஞோராவின் பேரன் ரோமிலிருந்து மிலானுக்கு மூன்று மணி நேரத்தில் போகிறான். விமான நிலையப் பக்கமே போவதில்லை. எந்த ரயில் என்று கேட்டேன். உங்கள் கம்பெனியின் முயல் படம் போட்டது என்றான். அன்றைக்குப் பலாரோ சந்தையில் மீன்காரனிடம், என் மகள் அந்த ரயிலில்தான் வேலை செய்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் உன் பெயரைக் கேட்டான்.

கம்பெனி தப்பியதும் எளிதாக அல்ல. கடனில் மூழ்கப் பார்த்தது. அதிவேகத் தடத்தின் வாடகையைக் குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது. 2018இல் அமெரிக்க முதலீட்டாளர்கள் இரண்டு பில்லியன் யூரோவுக்குக் கிட்டக் கொடுத்து வாங்கினார்கள். 2023இல் கப்பல் கம்பெனியான எம்.எஸ்.சி. பாதியை எடுத்துக்கொண்டது. இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்தால் உங்களைப் போன்ற பிள்ளைகளின் வேலை என்ன ஆகும்? பெரிய கம்பெனிகளுக்கு எல்லையும் இல்லை. பிரான்ஸ் அரச ரயில்வேயின் உய்கோ ரயில் 2021 மே மாதம் ஸ்பெயினுக்குள் போனது. இத்தாலிய அரச ரயில்வே 2021 டிசம்பரில் பாரிஸுக்கு ரயில் விட்டது. மறு ஆண்டு வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து ஸ்பெயினில் இரியோ என்ற ரயிலைத் தொடங்கியது. உள்ளூரில் அரசு, அடுத்த நாட்டில் போட்டிக்காரர். இத்தாலோவும் ஜெர்மனிக்குப் போகத் திட்டமிடுவதாக இந்த ஆண்டு படித்தேன். நீயும் போகப்போகிறாயா? போவதானால் போ. தடுக்க மாட்டேன். ஆனால் அதைப் பத்திரிகையில் படிக்க வைக்காதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 2020 முதல் உங்கள் ரயிலும் அவர்களுடைய சிவப்பு ரயிலும் ரெஜ்ஜோ வரை வருகின்றன. கடலைக் கண்டதும் நின்றுவிடுகின்றன. அதற்கு இந்தப் பக்கம், நம் சிசிலித் தீவில், போட்டி கிடையாது. பலெர்மோவிலிருந்து ரோமுக்குப் போகிற பழைய இன்டர்சிட்டியை அரசு தன் பணத்தைக் கொட்டித்தான் ஓட்டுகிறது. இலாபம் பார்த்தால் ஒருவரும் ஓட்ட மாட்டார்கள். மெஸ்ஸினாவில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, அக்கரையில் இழுத்துப் பூட்டி, மறுபடியும் புறப்படுகிறார்கள். சின்ன வயதில் நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரயிலுக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்டாய். பாலம் கட்டுவார்கள் என்று நான் இங்கே வந்த காலம் முதல் சொல்கிறார்கள். ஆகஸ்டில் 13.5 பில்லியன் யூரோத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், போன மாதம் கணக்காய்வு நீதிமன்றம் மறித்துவிட்டது. விமானப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அந்தப் பயணத்துக்குப் பிறகு நம் இருவரில் ஒருவரும் அதில் ஏறப்போவதில்லை.

நிரஞ்சன் கண்டது உன்னைத்தான், துளசி. இடது கையால் முடியைக் காதுக்குப் பின்னால் செருகிய விதத்தை அவன் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் கையசைத்தானாம். நீ காணவில்லையாம். கப்பல் துறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாயாம். மாதத்தில் எத்தனை முறை அங்கே வருகிறாய்? இரவு ரெஜ்ஜோவில் தங்குவாய் அல்லவா? மெஸ்ஸினாவுக்குக் கப்பலில் அரை மணி நேரம். அங்கிருந்து வீட்டுக்கு மூன்று மணி நேரம். எப்போது கேட்டாலும் டிக்கெட் விலை என்கிறாய். ரயில் கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளை டிக்கெட் விலை என்று சொல்லலாமா?

இவ்வளவும் எழுதிவிட்டு, இந்தத் தாளைக் கிழித்துப் போட எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். உன்னைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? நானும் அந்த மேடை வரை வந்து திரும்பியவன்.

2019 மார்ச்சில் உன் பட்டமளிப்புக்கு நான் பொலோஞ்ஞாவுக்கு வரவில்லை. டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை, சிஞ்ஞோராவும் லீவு தரவில்லை என்று சொன்னேன். இரண்டும் பொய். சிஞ்ஞோரா தானாகவே நான்கு நாள் லீவு தந்தார். தன் கணவரின் கோட்டை எடுத்து, அழுத்தியும் தந்தார். நாப்பொலியிலிருந்து பொலோஞ்ஞாவுக்கு இத்தாலோ டிக்கெட்டை நீ அந்தக் கடையில் கோப்பிக் கோப்பை கழுவிய காசில் எடுத்து அனுப்பியிருந்தாய். அதன் இலக்கத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பலெர்மோவிலிருந்து நாப்பொலிக்கு நான் எடுக்க வேண்டிய டிக்கெட்டையும் எடுத்தேன். ஏறினேன்.

மெஸ்ஸினாவில் ரயில் கப்பலுக்குள் போனதும் எல்லோரும் படியேறி மேல்தட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். சனங்கள் அரஞ்சினா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கடை யன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கோட்டின் கை என் விரல் மொளி வரை இறங்கியிருந்தது. தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. உள்ளே கழுத்துப் பட்டியில் அந்த மனுசனின் பெயர் நூலால் தைத்திருந்தது. அது பிடரியில் உரசிக்கொண்டே இருந்தது. உன் சிநேகிதிகளின் தாய் தகப்பன் வருவார்கள், உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று உன்னைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். நீ உண்மையைத்தான் சொல்வாய். நீ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நீ வெட்கப்படுவாய் என்று நான் பயப்படவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா இருந்திருந்தால் பிடரியில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருப்பாள்.

வில்லா சான் ஜோவானியில் இறங்கினேன். பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டும் வரை மேடையில் நின்றேன். பூட்டும்போது வருகிற அந்த இடிச் சத்தம் ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது. ஏறுவதற்கு நேரம் தாராளமாக இருந்தது. கதவு மூடியது. ரயில் போனது. நான் அடுத்த கப்பலில் திரும்பி வந்தேன்.

அன்று பின்னேரம் தலையில் இலைமுடியோடு நீ நிற்கிற படத்தை அனுப்பினாய். உன் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது. மறுநாள் எடுத்து, "உண்மையாகக் காசுதானா அப்பா?" என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் நீயும் வர முடியாத ஒவ்வொரு முறையும் டிக்கெட் விலை என்று சொல்லத் தொடங்கினாய். அது எனக்கு விளங்காமல் இல்லை. ஊர் முழுக்க விலை இறங்கியும் நம் இருவருக்கு மட்டும் அது இறங்கவே இல்லை. தொடக்கி வைத்தவன் நான்.

நீ கடல் தாண்ட வேண்டாம். அடுத்த முறை ரெஜ்ஜோப் பக்கம் வேலை விழும் திகதியையும் ரயில் இலக்கத்தையும் எழுது. நான் கப்பலில் வந்து அந்த மேடையில் நிற்கிறேன். உங்கள் ரயில் அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்று தெரியும். உன் வேலைக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன். நீ கதவைத் திறக்கும்போது அங்கே நிற்க வேண்டும். நீ சரி என்றால் வில்லாவிலிருந்து ரெஜ்ஜோவுக்கு டிக்கெட் எடுத்து உன் ரயிலிலேயே ஏறுகிறேன். வேண்டாம் என்றால் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டு வருகிறேன். அது நாலைந்து நாள் இருக்கும். இரவில் நிலையத்திலிருந்து தனியாக நடக்காதே. அந்த மூன்று மாதச் சம்பளத்தைத் தொடாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்தக் கோட்டு அலுமாரியில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வர மாட்டேன். அம்மா பின்னிய மஞ்சள் சுவெட்டரைப் போடுகிறேன். தூரத்திலேயே தெரியும்.