பிரஜாவுரிமையை மூன்றாம் அத்தியாயத்தில் எழுதுங்கள்

புதிய அரசியலமைப்பு தருவோம் என்று வாக்குக் கேட்டுப் பாராளுமன்றம் சென்றிருக்கும் கௌரவ உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1948இல் இலங்கைத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளியினரான மலையக மக்களிடமிருந்து பிரஜாவுரிமை எப்படிப் பறிக்கப்பட்டது, அது எத்தனை தவணைகளில் திரும்பி வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அட்டனிலும் பதுளையிலும் மேடையேறி நீங்கள்தாம் அதை எங்களுக்கு எடுத்துரைக்கிறீர்கள். எனவே நேராகவே கேட்டுவிடுகிறேன். பிரஜாவுரிமையை அடிப்படை உரிமைகளுக்குரிய மூன்றாம் அத்தியாயத்தில் எழுதுங்கள். சர்வசன வாக்கெடுப்பு நடத்தாமல் எவரும் கைவைக்க முடியாதபடி எழுதுங்கள்.

இந்த மடலை எழுதத் தூண்டியது பெரிய சம்பவம் ஒன்றுமில்லை. பழுதடைந்த தேசிய அடையாள அட்டையை மாற்றிக்கொள்வதற்காக அம்மாவை ஓர் அரச அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த உத்தியோகத்தர், "பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே?" என்றார். அம்மாவுக்கு முன்னால் நின்றவரிடம் அவர் அதைக் கேட்கவில்லை. பின்னால் நின்றவரிடமும் கேட்கவில்லை. அவர் குரலில் கடுமை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். படிவத்தில் இனம் என்ற இடத்தில் "இந்தியத் தமிழ்" என்று இருந்தால் அடுத்து இதைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று, அவ்வளவுதான்.

பழைய பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். தகப்பன் இங்கே பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அவருடைய விவரத்துக்கு அடுத்த கட்டம். ஒரு குழந்தை பிறந்ததைப் பதியும் தாளில் பூட்டனாருக்கு என்ன வேலை? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் அந்த வேலையைக் கொடுத்தது. இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனாரும் பூட்டனாரும் பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தாய் வழியாக உரிமை இறங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1961இல் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் அறையில் பிறந்த என் அம்மாவின் பத்திரத்தில் அந்தக் கட்டங்கள் இரண்டிலும் ஆளுக்கொரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. அம்மாவின் தகப்பனான தாத்தாவின் பெயர் அதில் ராமசாமி. ஊழியர் சேமலாப நிதிப் பத்திரத்தில் ராமன். எழுதியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோ பதிவாளரோ, தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டும் ஒருவரே என்பதற்கும், 1964 ஒக்டோபர் 30 முதல் அவர் இங்கே வசித்தார் என்பதற்கும் ஆதாரம் கொண்டுவரும்படி அம்மாவிடம் சொன்னார்கள். ஆதாரம் தோட்டத்தின் வேலையாட் பதிவேடான பழைய செக்ரோலில்தான் இருக்க வேண்டும். அந்தத் தோட்டம் எழுபதுகளில் அரசுக்குப் போனது. 1992இல் கம்பனிக்குக் கைமாறியது. தோட்ட அலுவலகத்தில் விசாரித்தபோது, பழைய பேரேடுகளைக் கறையான் அரித்துவிட்டதாகச் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் அந்த மலையில் கொழுந்து பறித்த பெண், தான் இந்த நாட்டவள் என்பதற்குக் கறையானிடம் சாட்சி கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பாராளுமன்றம் செல்ல வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்தக் கேள்விக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டதே என்பீர்கள். அந்தச் சட்டத்தை நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆனால் 1948இல் வந்ததும் சாதாரணச் சட்டம், 2003இல் வந்ததும் சாதாரணச் சட்டம். இப்போதைய அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை இருக்கிறதே என்றும் சொல்வீர்கள். வம்சாவழியால் வந்தவர், பதிவால் வந்தவர் என்ற வேறுபாடு கூடாது என்று அதில் அழகாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அது ஐந்தாம் அத்தியாயத்தில் கிடக்கிறது. 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி, அடிப்படை உரிமைகளுக்கும் மொழிக்கும் உரிய மூன்றாம், நான்காம் அத்தியாயங்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. 12ஆம் உறுப்புரையைக் காட்டி வழக்காடலாம் என்றால், இனத்தால் பாரபட்சம் கூடாது என்னும் அதன் இரண்டாம் பந்தி பிரஜைகளுக்கானது. பிரஜைதானா என்று கேட்கப்பட்டு நிற்பவர், முதலில் பிரஜை என்று நிரூபித்துவிட்டுத்தான் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள், கொழும்புக்கு வந்து.

பொதுவான வாசகம் ஒன்று போதும் என்று உங்களில் சட்டம் படித்தவர்கள் சொல்லக்கூடும். சுதந்திரத்தின்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் அப்படியொரு வாசகம் இருந்ததே! எந்தச் சமூகத்துக்கும் தனியாகக் குறைபாடு விளைவிக்கும் சட்டத்தை இயற்றக்கூடாது என்றது அது. அதை நம்பி வழக்குப் போட்டார்கள். 1953இல், அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பிரிவை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. தன் பிரஜைகள் யார் என்பதைத் தீர்மானிப்பது சட்டவாக்கத்தின் உரிமையாம். ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வெளியே நின்றார்கள். 1947இல் எங்கள் வாக்கால் பிரதிநிதிகள் போன பாராளுமன்றத்துக்கு 1952இல் ஒருவரும் போகவில்லை. 1972இல் அந்த 29ஆம் பிரிவும் போயிற்று. யார் பிரஜை என்பதை அரசியலமைப்பே சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டை விட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

இப்போதைய அரசியலமைப்பில் 83ஆம் உறுப்புரை என்றொன்று இருக்கிறது. தேசியக் கொடியை மாற்றச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும். தேசிய கீதத்துக்கும் தேசிய தினத்துக்கும் வேண்டும். கொடிக்கு வணக்கம் செலுத்தும் மனிதர் இந்த நாட்டவரா இல்லையா என்பதை மாற்ற மட்டும் அது தேவையில்லை. கொடி பத்திரமாக இருக்கிறது, மகிழ்ச்சி. 2023இல் நாங்கள் இங்கே வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களை வாழ்த்தி நீங்கள் விட்ட அறிக்கைகளும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த முறை பிரஜாவுரிமைப் பத்திரத்துக்குப் பதிலாக அவற்றைக் காட்டலாமா என்பதையும் அறியத் தாருங்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. வாசகத்தை வரைவது உங்கள் வேலை, ஆனாலும் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பிறந்து வேறெந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாத எவரும் இலங்கைப் பிரஜை. எவரையும் எந்தச் சட்டமும் நாடற்றவராக்கலாகாது. பிரஜையா என்ற ஐயம் எழுந்தால் அதை நிரூபிக்கும் சுமை அரசினுடையது. இவற்றை மூன்றாம் அத்தியாயத்தில் எழுதி, 83ஆம் உறுப்புரையின் பட்டியலில் கொடிக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் ஒப்பமிட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தபோது எங்களிடம் எவரும் கேட்கவில்லை. இம்முறை கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

வரைவு வெளியாகும் நாளிலேயே அதன் தமிழ்ப் பிரதியும் வெளியாக வேண்டும். மக்கள் கருத்தறியும் அமர்வுகளை நகரங்களில் மட்டும் நடத்தாமல் தோட்டங்களிலும் நடத்த வேண்டும். வேலை நாளில் வைத்தால் வருகிறவர்களுக்கு அன்றைய சம்பளம் போய்விடும், ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். தயவுசெய்து இதற்கொரு பதில் எழுதுங்கள். கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும், எங்கள் கைக்கு வந்துசேரச் சற்றுத் தாமதமாகும், பரவாயில்லை.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்த வாக்காளர்