முந்நூறு முடியாது, நூற்றைம்பது தருகிறேன்

பூநகரி,
மார்கழிக் கடைசி.

அன்பின் சினேகிதிக்கு,

உன் குரல் பதிவு வந்து மூன்று கிழமை ஆகிறது. நானும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் பேசத் தொடங்கினால் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிவிடுவேன், உனக்குத் தெரியாததா? அதனால்தான் கொப்பியும் பேனையுமாக இருந்து எழுதுகிறேன். எழுதி முடித்துப் படம் எடுத்து அனுப்புவேன். என் கையெழுத்து விளங்காவிட்டால் உன் மகளிடம் கேட்காதே, அவளுக்குத் தமிழே தட்டுத் தடுமாறித்தான்.

முதலில், உன் மகளின் கலியாணச் செய்தி கேட்டு எனக்குப் பெரிய சந்தோசம். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து ஒரே பாணை இரண்டாகப் பிய்த்துத் தின்ற நாங்கள், இப்போது மாமியாராகப் போகிறோம் என்றால் நம்பவா முடிகிறது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை என்றாய், உத்தியோகம் என்னவென்றும் சொன்னாய், ஊர் எது என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த முறை அதைச் சொல்லு. முழங்கால் நோவோடு கனடாவில் அந்த ஸ்காபரோப் பனியில் நடந்து திரியாதே.

இங்கே மழை விட்டும் விடாததுமாக நிற்கிறது. வயல் பரவாயில்லை, மொட்டைக்கறுப்பன் நெல் குடலை தள்ளி நிற்கிறது. எங்கள் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சிப் பக்கம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, மழை என்றாலே முதலில் பெட்டி இழைக்கிற பனை ஓலைக் கட்டைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

சரி, ஓலைக்கு வருவோம். கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க முந்நூறு சின்ன மூடுபெட்டி வேண்டும் என்று கேட்டாய். பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: முந்நூறு முடியாது, நூற்றைம்பது தருகிறேன். கோபிக்காமல் மிச்சத்தைப் படி.

போன ஐப்பசியில் கொழும்பில் ஒரு கடைக்காரர் நத்தார் விற்பனைக்கு எண்பது மூடுபெட்டி கேட்டார். கேட்ட மாத்திரத்தில் சரி என்றேன். ஆவணியில் வெளிநாட்டுச் சனம் வந்து வீட்டில் இருந்த பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது, அந்தப் புளுகத்தில் இருந்தேன். ஓலை எவ்வளவு மிச்சம் என்று பரணை ஏறிப் பார்க்கவில்லை. பார்த்தபோது இருந்தது முப்பது பெட்டிக்குத்தான். மிச்சத்துக்கு மழைக்குள் சார்வு, அதுதான் இழைக்கிற இளம் ஓலை, வெட்டுவித்தேன். வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் புகையில் உலர்த்தினோம். கைக்குக் காய்ந்ததுபோல இருந்தது, உள்ளே ஈரம். இழைத்து, சாயக் கரையெல்லாம் வடிவாக வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி பஸ்ஸில் போட்டேன். இரண்டு கிழமையில் முப்பத்துநான்கு பெட்டி திரும்பி வந்தது. திறந்தால் சாம்பல் பூசினதுபோலப் பூஞ்சணம். போன கூலி, வந்த கூலி இரண்டும் என் தலையில். நல்லதாகப் போன பெட்டிகளுக்கும் காசு இன்னும் முழுதாக வரவில்லை. இழைத்த பெண்களுக்கு நான் எண்பதுக்கும் கூலி கொடுத்தேன், அவர்கள் பிழை ஒன்றும் இல்லையே. வருட இலாபம் அதிலேயே போனது. திரும்பி வந்த பெட்டிகளைத் துடைத்து வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். குசினிக்குள் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

அதனால்தான் இந்த முறை வருடத் திட்டத்தை ஓடரில் இருந்து தொடங்காமல் ஓலையில் இருந்து தொடங்குகிறேன். இது ஒன்றும் புதிய ஞானமில்லை. அம்மம்மா மாசி, பங்குனியில் ஓலை வெட்டுவித்து, மிதித்துப் பதமாக்கி, சுருட்டிக் கட்டி வைத்துவிட்டுத்தான் வருடம் முழுக்க இழைப்பா. மாரியில் அவ கையில் ஓலை வாருகிற சத்தகம் இருக்கும், ஆனால் ஓலை கோடையுடையதாக இருக்கும். நான்தான் ஓடர் புத்தகத்தைப் பார்த்து மறந்துபோனேன்.

எங்கள் வளவில் இப்போது அறுபது வடலி, இளம் பனை. 2010இல் திரும்பி வந்தபோது வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அந்த வருடம் கண்ட கண்ட இடமெல்லாம் பனங்கொட்டை போட்டேனே, நீகூட ஃபோனில் சிரித்தாய், "பனை வளருமட்டும் நீ இருப்பியா" என்று. இருக்கிறேன். மரமாக இன்னும் உயரவில்லை, ஆனால் ஓலைக்கு வடலிதான் வசதி, கொக்கத்தடி போதும். மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் புது ஓலை விரியும். ஆசைப்பட்டுக் குருத்தெல்லாம் வெட்டினால் வடலி மெலிந்துபோகும். ஒரு வடலியில் வருடத்துக்கு இரண்டு சார்வுக்கு மேல் எடுக்க நான் விடுவதில்லை. அப்படிப் பார்த்தால் எங்கள் வளவில் நூற்றிருபது சார்வு. எனக்கு வருடத்துக்கு அறுநூறு வேண்டும். மீதியை அக்கம்பக்கத்தில் வாங்க வேண்டும், அதுவும் வெயில் இருக்கும்போதே, காசைக் கையில் வைத்துக்கொண்டு. மாசியில் பாதி, வைகாசியில் மீதி. புரட்டாதி முடியுமுன் பரண் நிறைந்திருக்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு பரணில் உள்ள ஓலைக்குத்தான் ஓடர் எடுப்பது, அதற்கு மேல் ஒரு பெட்டிகூட இல்லை. நத்தாருக்கு யார் கேட்டாலும் ஆவணிக்குள் கேட்க வேண்டும்.

அந்தக் காசுக்கு எங்கே போவது என்று கேட்பாய். நுண்கடன் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன். எங்கள் ஒழுங்கையிலேயே கிழமைக்கொரு நாள் கடன்காரர் வந்து நின்றால் பின்கதவால் போகிற வீடுகள் இருக்கின்றன. அதனால் இனி ஓடர் என்றால் பாதிக் காசு முற்பணம். சினேகிதிக்கும் அப்படித்தான். முகத்தைச் சுளிக்காதே.

விலையைச் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். இந்த மழைக்குள் உட்கார்ந்து மணித்தியாலக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பெட்டி அடுக்கு ஒன்றை இழைக்க, ஓலை வார்வதில் இருந்து மூடி போடும்வரை, ஒரு ஆளுக்கு ஒன்பது மணித்தியாலம். ஓலைக்கும் சாயத்துக்கும் 300 ரூபாய். கடைக்கு நான் கொடுத்து வந்த விலை 1500. அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 133 ரூபாய். அதே பெண் வயலில் களை எடுக்கப் போனால் நாளுக்கு 2000 வாங்குகிறாள். எட்டு மணித்தியாலம் என்றாலும் 250. வெயிலில் குனிந்து நிற்பதும் நிழலில் இருந்து இழைப்பதும் ஒன்றில்லைத்தான், ஆனால் பாதிக்குப் பாதி வித்தியாசம் என்றால் அந்தப் பிள்ளைகள் என்னிடம் ஏன் வர வேண்டும்? சின்னக்கா ஒருத்தி போன வருடம் நின்றுவிட்டாள், நான் அவளோடு கோபித்தேன். இப்போது கணக்கைப் பார்த்தால் அவள்தான் சரி. இந்த வருடம் அந்த அடுக்கு 2400. வாங்குகிறவர் வாங்கட்டும்.

2022இல் டொலர் 360 ரூபாய்க்கு ஏறினபோது சாயப்பொடி விலை ஏறியது, பிறகு டொலர் இறங்கியும் சாயம் பழைய விலைக்கு இறங்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் வன்னியிலும் சாயவேர் தோண்டித் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்களாம். சாயத்துக்குப் பேர்போன மண்ணில் இருந்துகொண்டு நாங்கள் கொழும்பில் இருந்து பொடி வரும்வரை காத்திருக்கிறோம். மஞ்சளும் மாதுளந்தோலும் போட்டு அவித்துப் பார்த்தேன். மஞ்சள் வெயிலில் வெளிறுகிறது, மாதுளந்தோல் ஒருவித மங்கல் பழுப்பு. எனக்குப் பிடித்திருக்கிறது, மகளுக்குப் பிடிக்கவில்லை. "பழைய தேத்தண்ணீர் நிறம்" என்கிறாள். தை முழுக்க இன்னும் அவித்துப் பார்க்கப் போகிறேன்.

மற்ற மாதங்கள் தாமாக நடக்கும். அறுவடை முடிந்து மாசியில் சனத்தின் கையில் காசு இருக்கும், சுளகும் கடகமும் போகும். கடகத்துக்கு நார் பொத்த பெரியமாமியை விட்டால் ஆளில்லை, அவவின் கண் தெரியும்வரைதான் எங்கள் கடகம். பனங்கட்டி காய்ச்சுகிறவர்கள் அதை ஊற்றுகிற சின்ன ஓலைக் குட்டான் கேட்பார்கள். விலை சில்லறைதான், ஆனால் புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்குக் கை படிய அதைப்போல ஒன்றில்லை, அதனால் விடமாட்டேன். ஆடி, ஆவணி நல்லூர்க் கோயில் திருவிழாக் காலம், உங்கள் சனம் வரும் காலம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகு யாழ்ப்பாணம் போவது ஒரு காலை வேலைதான், கடலைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் நினைவிருக்கிறதா? மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கும் ஒரு பொதி கொண்டுபோய்ப் பார்க்க நினைக்கிறேன், இதுவரை போனதில்லை. ஆனால் ஆடியில் சோளகக் காற்று அடித்தால் ஓலை சுள்ளென்று காய்ந்து கைக்குள் ஒடியும். அப்போது விடியவும் பொழுதுபடவும்தான் இழைக்கலாம், பாதி வேலைதான் நடக்கும். கடந்த வருடங்களில் இதையும் கணக்கில் எடுக்காமல் நாள் சொல்லிவிட்டு ஓடினேன்.

மகள் முகநூலில் படம் போடுகிறாள். முந்நூறு பேர் இதயம் போடுகிறார்கள், மூன்று பேர் விலை கேட்கிறார்கள், ஒருவர் "ஊரில் இது சும்மா கிடைக்குமே" என்று எழுதுகிறார். அதைப் பற்றி வேறென்ன எழுத.

இனி உன் பெட்டி. ஒரு சின்னப் பெட்டிக்கு இரண்டரை மணித்தியாலம். முந்நூறு என்றால் 750 மணித்தியாலம். ஆறு பேர், வீட்டு வேலை போக நாளுக்கு நாலு மணித்தியாலம் என்று வைத்தால் முப்பத்தொரு நாள், அது ஒருவருக்கும் காய்ச்சல் வராமல், ஒரு செத்தவீடும் இல்லாமல். நடக்காத காரியம் இல்லை. ஆனால் ஆவணிக் கலியாணத்துக்குப் பொதி வைகாசியில் இங்கிருந்து வெளிக்கிட வேண்டும், அந்த நாட்களை முழுக்க உனக்குத் தந்தால் நல்லூருக்கு என்னிடம் ஒன்றும் இராது. நீ ஒரு முறைதான் மகளைக் கட்டிக்கொடுப்பாய். நல்லூர் எனக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறது.

அதோடு, முந்நூறு பேர் என்றால் முந்நூறு வீடா? ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி கொடு. எண்ணிப் பார், நூற்றைம்பது தாண்டாது. ஒரு வீட்டுக்கு நாலு பெட்டி போனால் மூன்று குப்பைக்குத்தான் போகும், அதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது.

வடிவத்தையும் மாற்றப் போகிறேன். கூரியரில் விமானத்தில் போகும் பொதிக்கு நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரித்து, எது கூடவோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். அறுபதுக்கு ஐம்பதுக்கு நாற்பது என்று ஒரு மட்டைப் பெட்டி இருந்தால் 24 கிலோக் கணக்கு, உள்ளே ஐந்து கிலோ ஓலைதான் இருக்கும். காற்றுக்குக் கூலி கொடுப்பது! அதனால் அடி சிறுத்து வாய் அகன்ற வடிவில் இழைத்தால் பத்துப் பெட்டி ஒன்றுக்குள் ஒன்று இறங்கும், மூடிகள் தனியாக அடுக்கு. சித்திரைக்கு உன் தம்பி வருவதாகச் சொன்னாயே, திரும்பும்போது மிளகாய்த்தூளுக்கும் புழுக்கொடியலுக்கும் நடுவில் ஒரு ஐம்பதை வைத்துவிடலாம். மீதி ஒரே பொதி.

ஒரு பெட்டி 650 ரூபாய். நூற்றைம்பதுக்கு 97,500. பாதி தைக்குள் அனுப்பினால் அதிலேயே மாசி ஓலையை வாங்கிவிடுவேன். கூலி வேறு, அதைப் பொதி கட்டிய பிறகு சொல்கிறேன்.

மாசி முதற்கிழமைக்கு ஓலை வெட்ட ஆள் சொல்லியாயிற்று, அதற்கு முன் நிறத்தைச் சொல்லு. மகளின் சேலைக்குப் பொருத்தமாகக் கத்தரிப்பூ நிறம் என்று மட்டும் கேட்காதே, அது கலியாண வீடியோ வந்து சேருமுன் வெளிறிவிடும். சிவப்பும் பச்சையும் கரைக்கு நிற்கும். மாதுளந்தோல் நிறத்தில் மாதிரிக்கு ஒன்று இழைத்துப் படம் அனுப்புகிறேன், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லு.

உன்,
மூன்றாம் வாங்குக்காரி

பி.கு.: மாப்பிள்ளையின் ஊர்.